சொல் கேளாத குலசிங்கம்

மனையாவெளியில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், குலசிங்கம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தபாற்கந்தோரில் வேலை. மற்றவரை ஊர் "சொல் கேளாத குலசிங்கம்" என்று சொல்லும். அது அவருக்கும் தெரியும். யாராவது புதிதாக வந்து "எந்தக் குலசிங்கம்?" என்று கேட்டால், "கேளாத ஆள்தான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. "மழை வரும் போல, குடையைக் கொண்டு போங்கோ" என்று சொன்னால், கையில் எடுத்த குடையையும் திருப்பி மாட்டிவிட்டுப் போவார். அம்மாள் நோய் வந்து கிடந்தபோது, கருவாட்டை மணந்தும் பார்க்கக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் வேப்பிலைக்கு நடுவில் இருந்துகொண்டு கருவாட்டுக் குழம்பு கேட்டுச் சண்டை பிடித்தார். பிரேக் இல்லாத ஒரு சைக்கிளை வாங்கவேண்டாம் என்று மூன்று பேர் சொன்னோம். வாங்கவேண்டாம் என்று மூன்று பேர் சொன்னதே அதை வாங்கப் போதுமான காரணமாயிற்று. அதில் உவர்மலை இறக்கத்தில் வந்து ஒரு கிடுகு வேலிக்குள் புகுந்து, மற்றப் பக்கத்தால் எழும்பி, வேலிக்காரரைப் பார்த்து, "நல்ல உறுதியான வேலி" என்று சொன்னாராம்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் வெறுக்க வேண்டும். எங்களால் முடியவில்லை. என் மனைவிக்கு முதற் பிள்ளை பிறக்கிற அன்று கார் கிடைக்காமல் நான் ஒழுங்கையில் மேலும் கீழும் ஓட, அவர் எங்கிருந்தோ ஒரு மாட்டு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வண்டிக்காரனைக் காணவில்லை. அந்த வண்டியை அவர் கேட்டுத்தான் கொண்டுவந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உதவி கேட்டால்தான் செய்யவேண்டும் என்பதும் அவர் கேளாத சொற்களில் ஒன்று.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், பதினெட்டு வயதில், வெள்ளைக்காரனின் டொக்யாட்டில் கயிறு வேலைக்குச் சேர்ந்தவர். கப்பற் கயிறுகளைப் பின்னுவது, பாரம் தூக்கும் வடங்களைக் கட்டுவது, பாய்மரங்களில் ஏறுவது எல்லாம் கைவந்த வேலை. அவரோடு சேர்ந்து அதே வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த அபூதாஹிர். நெட்டையாய், நிதானமாய், ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையில் ஒரு பீடி பற்றவைக்கக்கூடிய ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். குலசிங்கம் முடிச்சைப் போடுவார். அபூதாஹிர் ஒன்றும் பேசாமல் வந்து அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

ஐம்பதாம் ஆண்டு குலசிங்கம் கல்யாணம் செய்தார். மெதடிஸ்த சபையில் உபதேசியாராக இருந்தவரின் மகள் நல்லம்மா. அவருக்காகவே குலசிங்கம் ஞானஸ்நானம் எடுத்தார். யோசுவா என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கோயில் புத்தகத்துக்கு வெளியே யாரும் பாவித்ததில்லை. கோயிலில் பாடகர் குழுவில் சேர்ந்து, மற்றவர்களுக்கு அரை அடி முன்னால் பாடினார். குழுவை நடத்தியவன் நான்தான். மெதுவாகப் பாடுங்கள் என்று சொன்னேன். அடுத்த கிழமை ஒரு அடி முன்னால் பாடினார்.

நல்லம்மா குள்ளமான, கறுத்த, அமைதியான பெண். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் ஒருமுறைதான் சொல்லுவார். இரண்டாந்தரம் சொல்லமாட்டார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டார். "அந்தப் பலகை உக்கிப்போச்சு, ஏறாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அரிசி களைவார். குலசிங்கம் ஏறி விழுந்தால் வந்து தூக்குவார். எண்ணெய் தடவுவார். "சொன்னனான்தானே" என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனான். டொக்யாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. குலசிங்கத்துக்கும் அபூதாஹிருக்கும் ஒரே நாளில்தான் கடிதம் வந்தது. அபூதாஹிர் கிண்ணியாவுக்குத் திரும்பிப் போய், கொட்டியாரக்குடாக் கரையில் தன் மாமனாரின் கரைவலையைப் பொறுப்பெடுத்தார். பிறகு, கழிமுகத்தைக் கடக்கும் மிதவையான பாதையில் ஏறி வந்து, குலசிங்கத்தின் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு சொன்னார்:

"மச்சான், வலையில ஒனக்கு ஒரு பங்கு இரிக்கி. வந்து சேரு. கயிறு தெரிஞ்ச ஆள் எனக்கும் வேணும்."

"நாள் முழுக்க இழுத்து நாலு கூடை நெத்தலியோ?" என்றார் குலசிங்கம். "எனக்கு ஏலாது மச்சான். நான் வேற ஒரு வழி பார்த்து வச்சிருக்கிறன்."

அந்த வேறு வழி சின்னராசா. திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சிறு வள்ளம் வைத்திருந்தவன். குலசிங்கத்தைவிட ஏழெட்டு வயது இளையவன். யுத்தகாலத்து வெடிமருந்து எங்கெங்கோ கிடந்து எப்படியோ கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. சின்னராசா கடலில் வெடி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். பாறைப் பக்கமாய்ப் போய், கூட்டம் கண்டவுடன் ஒன்றை எறிந்தால் போதும், வெள்ளையாய் மிதக்கும். வள்ளத்தில் இருந்தபடியே அள்ளலாம்.

குலசிங்கம் முதல் நாளே ஒரு பெரிய பாரைமீனோடு வீட்டுக்கு வந்தார். நல்லம்மா அதை வாங்கிப் பெருவிரலால் முதுகுப் பக்கம் அழுத்திப் பார்த்தார். முள்ளு நொறுங்கிக் கிடந்தது. சதை கொழகொழத்தது.

"இது வெடிமீன்," என்றார். "இது என்ர குசினிக்குள்ள வராது. இந்த வேலை உங்களைக் கொண்டுபோயிடும், விட்டிடுங்கோ."

அவ்வளவுதான். மீனைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு முருங்கையிலை உருவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. உள்ளே நல்லம்மா பருப்பும் கீரையும் சமைப்பார். வெளியே கிணற்றடியில் மூன்று கல்லை வைத்துக் குலசிங்கம் தானே மீன் காய்ச்சுவார். உப்பு கூடிவிடும், அல்லது புளி மறந்துபோகும். அதை மரக்கறியை விட ருசி என்று சத்தமாய்ச் சொல்லிக்கொண்டு சாப்பிடுவார். மிச்ச மீன் ஒழுங்கையெல்லாம் போகும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெடிமீன் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். ஆனாலும் வாங்கினேன், பொரித்துச் சாப்பிட்டேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால் குலசிங்கத்தின் கதையை மட்டும் சொல்லித் தப்பிக்கொண்டவனாவேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஆனந்தராசா ஐயா, வேதத்தில் ஞானம் ஒரு பெண்ணைப்போலத் தெருவில் நின்று கூப்பிடுகிற இடத்தை எடுத்துப் பிரசங்கித்தார். சந்தியிலும் பட்டணத்து வாசலிலும் நின்று அவள் கூப்பிடுகிறாள். கையை நீட்டுகிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்ன புத்தியெல்லாம் தள்ளிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் ஆபத்து புயலைப் போல வரும். அப்போது அவள் நகைப்பாள். அவர்கள் கூப்பிடுவார்கள், அவள் பதில் சொல்லமாட்டாள். தாங்கள் போன வழியின் பலனைத் தாங்களே தின்பார்கள் என்று அவர் சொல்லும்போது, நான் பாடகர் வரிசையில் இருந்து குலசிங்கத்தைப் பார்த்தேன். நல்லம்மா பெண்கள் பக்கத்தில் இருந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குலசிங்கம் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் என் தோளில் தட்டினார். "அருமையான பிரசங்கம், மாஸ்டர். சின்னராசா வந்து கேட்டிருக்க வேணும்."

அபூதாஹிர் இன்னொரு தரமும் வந்தார். அன்று கதிரையில் இருக்கவில்லை. ஒரு ஓலைப் பையைக் கீழே கவிழ்த்தார். விரலளவு மீன்குஞ்சுகள், ஒரு படி இருக்கும், எல்லாம் வாயைத் திறந்தபடி.

"பாறைப் பக்கம் கரையொதுங்கிக் கிடந்தது. நீங்க அள்ளினது பெரிசு. அள்ளாம விட்டது இது. அடுத்த வருசத்து மீன் மச்சான் இது. எனக்கும் ஒனக்கும் கடல் ஒண்டுதானே?"

"கடலில மீனுக்குப் பஞ்சமோ?" என்று குலசிங்கம் சிரித்தார்.

அபூதாஹிர் சிரிக்கவில்லை. பையை உதறி மடித்துக்கொண்டு, நல்லம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு குலசிங்கம் கொஞ்ச நேரம் அந்தக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றதாக நல்லம்மா பின்னொரு நாள் சொன்னார். அடுத்த நாள் விடிய வழமைபோல வள்ளத்துக்குப் போனார்.

அறுபதாம் ஆண்டு பங்குனி மாதம், காலை ஏழு மணி இருக்கும். கடல் தகடுபோலக் கிடந்தது. நடந்ததைச் சின்னராசா பின்னால் என்னிடம் சொன்னான். நல்ல கூட்டம். குலசிங்கம் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் எழுந்து நிற்கிறார். திரியில் நெருப்பு பிடித்துவிட்டது.

"எறி அண்ணை!"

"பொறு. இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வரட்டும்."

"எறி அண்ணை, எறி!"

"பொறடா எண்டன்."

யார் சொல்வதையும் கேளாத மனிதர், வெடி போடுகிறவனே எறியச் சொன்னபோதும் கேட்கவில்லை.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று. நெற்றியிலும் கழுத்திலும் காயம். சின்னராசா தன் சாரத்தைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டி, ஒரே ஆளாய்த் துடுப்புப் போட்டு டச்சுக்குடாக் கரைக்குக் கொண்டுவந்தான். கரையில் நின்றவர்கள் தூக்கினார்கள். அவன் பொலிசுக்குப் பயந்து வள்ளத்தையும் விட்டுவிட்டு ஓடினான். அதற்கிடையில் செய்தி ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போகப் போக அது வளர்ந்தது. நல்லம்மாவின் வாசலுக்கு வரும்போது, "குலசிங்கத்துக்குத் தலை போயிட்டுது" என்று வந்து நின்றது.

நானும் என் மனைவியும் நல்லம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழி முழுக்க அவர் அழவில்லை. வாட்டுக்குள் போனோம். குலசிங்கம் படுக்கையில் கிடந்தார். கை பெரிய பொட்டலமாய்க் கட்டியிருந்தது. தலையைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி ஒரு கட்டு. முகமெல்லாம் கரி. எங்களைக் கண்டதும் மெல்லிய குரலில் சொன்னார்:

"போட்டிருந்த என்ர நல்ல சேட்டைக் கத்திரிக்கோலால வெட்டிப்போட்டாங்கள்."

நல்லம்மா சிரித்தார்.

சிறு சிரிப்பல்ல. வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். வாட்டில் கிடந்த நோயாளிகள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். என் மனைவி அவரைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். குலசிங்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை மனைவியோடு அவர் பேசவில்லை. நல்லம்மா ஒவ்வொரு நாளும் கஞ்சியும் அவித்த முட்டையும் கொண்டுபோய்ச் சிரட்டைக் கரண்டியால் ஊட்டுவார். அவர் வாயைத் திறப்பார், விழுங்குவார், மூடுவார்.

ஒரு நாள் போதகர் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். குலசிங்கம் நேரே கேட்டார்.

"ஐயா, அண்டைக்கு நீங்கள் சொன்னது எனக்குத்தான் எண்டு இப்ப விளங்குது. கூப்பிட்டவள் ஆபத்து வந்த நேரம் நகைப்பாள் எண்டு சொன்னீங்கள். இவள் வந்து சிரிச்சாள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்கள். அப்ப கடவுளும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரோ?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"எனக்கும் கஷ்டமான இடம் அது, குலசிங்கம். எழுதியிருக்கிறதை இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் ஒண்டைப் பாரும். தங்கட வழியின்ர பலனைத் தின்பினம் எண்டுதான் முடியுது. வானத்திலயிருந்து ஒருத்தரும் உமக்குக் கல் எறியேல்ல."

"ஓம் ஐயா," என்றார் குலசிங்கம். "என்ர கையாலதான்."

"நல்லம்மாவின்ர சிரிப்பைப் பற்றி நல்லம்மாவைத்தான் கேட்க வேணும். என்னைக் கேட்டு என்ன?"

அந்த நேரம் நல்லம்மா கஞ்சியோடு வந்தார். போதகர் எழும்பித் தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். குலசிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் சிரிச்சனீ?"

நல்லம்மா கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்தார். "தலை போயிட்டுது எண்டு சொன்னவை. தலையில்லாத உங்களை எப்பிடிக் குளிப்பாட்டுறது எண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். வந்து பார்த்தா தலையும் கிடக்கு, வாயும் கிடக்கு, சேட்டுக்குச் சண்டையும் பிடிக்குது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது." கரண்டியால் கஞ்சியைக் கலக்கினார். "வீட்டை போய் அழுதனான். மாஸ்டரின்ர மனிசியைக் கேளுங்கோ."

குலசிங்கத்தின் வாய் கோணியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் காயம் நோக, "ஐயோ, ஐயோ" என்றார்.

"நீ சொன்னதைக் கேளாமல் விட்டனான்," என்றார் பிறகு. "மன்னிச்சுக்கொள்."

"அது அண்டைக்கே மன்னிச்சாச்சு," என்றார் நல்லம்மா. "கைதான் வராது. இப்ப வாயைத் திறவுங்கோ."

வெடி போட்ட வழக்கில், கோட்டில் நீதவான் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவர் ஒரு வருடம் முற்றத்தைத் தாண்டவில்லை. கயிறு வேலைக்காரனுக்கு வலது கை இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? இடது கையால் ஒரு முடிச்சுப் போடப் பார்த்து, பல்லால் இழுத்து, கடைசியில் கயிற்றைக் கிணற்றுக்குள் எறிந்தார் என்று நல்லம்மா சொன்னார்.

மூன்றாந்தரம் அபூதாஹிர் வந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரிக்கும் வந்து போனவர்தான், ஆனால் அங்கே பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. இந்தமுறை பீடியைப் பற்றவைத்து, அரைவாசி குடித்து முடித்த பிறகு சொன்னார்:

"சோழகக் காத்து தொடங்கப்போகுது, வலைக் காலம். மேட்டில நிண்டு மீன் பார்க்க எனக்கு ஒரு ஆள் வேணும். கண்ணும் ஒரு கையும் போதும்."

கரைவலையில் அது பெரிய வேலை. கரையில் உயரமான மணல்மேட்டில் நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, கூட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு துணியை வீசிக் காட்டவேண்டும். வலை ஏற்றிய தோணி அந்தத் துணியைப் பார்த்துத்தான் சுற்றிவரும். குலசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் உன்ர சொல்லைக் கேக்கேல்லையே மச்சான். என்னை ஏன் கூப்பிடுறாய்?"

"இப்ப கேப்பாயா?"

"ஓம்."

"அதுக்குத்தான்," என்றார் அபூதாஹிர்.

அப்படியே போனார். பருவ காலத்தில் கிண்ணியாக் கரையில், வலைக்காரரின் ஓலைக் குடிலான வாடியில் தங்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை வலை போடமாட்டார்கள். சனி பின்னேரம் அவர் பாதையேறி ஊருக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அபூதாஹிரே மேட்டில் நின்று துணி வீசுவார். குலசிங்கம் கோயிலில் பாடுவார். இப்போது என் கையைப் பார்த்துத்தான் பாடினார். ஒரு அடி பிந்திவிட்டது. சரி, அது பரவாயில்லை.

ஆனால் கேட்கத் தொடங்கியவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டார். குடை கொண்டுபோகவா என்று என்னிடம் கேட்பார். மாங்கன்றை எந்த மூலையில் வைப்பது என்று ஒழுங்கையில் போகிற வருகிற எல்லாரையும் கேட்டு, ஆறு பேர் ஆறு மூலை சொல்ல, கன்று சாக்குக்குள்ளேயே காய்ந்துபோயிற்று. வெள்ளைச் சேட்டா நீலச் சேட்டா, புட்டா இடியப்பமா, ஆஸ்பத்திரி மருந்தா கசாயமா. ஒரு நாள் நல்லம்மா குசினி வாசலில் நின்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

"கடவுள் உங்களுக்கும் ஒரு மூளை தந்தவர்தானே? ஒண்டையாவது நீங்களே யோசியுங்கோவன்!"

அந்தச் சத்தம் ஒழுங்கைக்குப் புதிது. எல்லாரும் வெளியே வந்து பார்த்தோம். குலசிங்கம் என்னைக் கண்டு, "மாஸ்டர், இவள் சொல்லுறது சரியோ?" என்று கேட்டார்.

சின்னராசாவின் காரியம் இதற்கிடையில் நடந்தது. அவன் கொஞ்ச நாள் மறைந்திருந்துவிட்டு, பொலிஸ் மறந்ததும், வந்து மறுபடி வெடி போடத் தொடங்கினான். தன் உயிரைக் காப்பாற்றியவன் அவன் என்பதைக் குலசிங்கம் எல்லாருக்கும் சொல்லுவார். அவனுக்கு என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. புத்தி சொன்னால் ஒருவன் என்ன செய்வான் என்பது அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கோயிலுக்கு நீளக்கைச் சேட்டுத்தான் போடுவார். சேட்டின் வலது கையை மடித்து ஊசி குத்திவிடலாம். இடது கை மணிக்கட்டுப் பொத்தானை இடது கையாலேயே பூட்ட ஏலாது. நல்லம்மாதான் பூட்டிவிடுவார். ஒரு ஞாயிறு, "விடு, போற வழியில பார்த்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். நேரே சின்னராசாவின் வீட்டுக்குப் போனார். அவன் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"தம்பி, இந்தப் பொத்தானை ஒருக்காப் பூட்டிவிடு."

அவன் வாயைக் கொப்பளித்து, கையைத் துடைத்து, பூட்டிவிட்டான். "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு இவர் கோயிலுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். வெடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சின்னராசா முதலில் கேலி பண்ணினான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேளைக்கே எழும்பி எங்காவது போய்விடுவான். இவர் வாசற் படலையில் காத்துக்கொண்டு நிற்பார். கோயில் மணி அடித்தால், பூட்டாத கையோடு வந்து பாடுவார். இப்படி ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

ஒரு ஞாயிறு சின்னராசா பொத்தானைப் பிடித்தபடி நின்றான். பூட்டவில்லை.

"அண்ணை, இனி வீட்டிலயே பூட்டிக்கொண்டு போங்கோ."

"ஏன் தம்பி?"

"நான் விட்டிட்டன்."

"எதை?"

"தெரியாத மாதிரிக் கேளாதேங்கோ," என்றான் சின்னராசா. அவனுடைய கண் கலங்கியிருந்தது. "இந்தப் பொத்தான் எனக்கு நித்திரை தருகுதில்லை."

அந்தப் பருவத்தில் அவனையும் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார் குலசிங்கம். அபூதாஹிர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வடம் இழுக்கிற வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னார்.

இதைச் சொல்லி முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் எல்லாரும் சின்னராசா ஆகவில்லை. வேறு ஊர்களில் இருந்தும் வள்ளங்கள் வந்து வெடி போட்டன. குலசிங்கம் கரையில் நின்று அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். கட்டையாய்ப் போன கையைத் தூக்கிக் காட்டினார். "மொட்டைக்கைக்காரன் ஆசீர்வாதம் பண்ணுறான்" என்று அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவனுக்கு எழுபதாம் ஆண்டு இரண்டு கண்ணும் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று குலசிங்கம் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்துப் போய் அவனைப் பார்த்து, பக்கத்தில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "கதைக்க என்ன இருக்கு மாஸ்டர்? வெத்திலை மடிச்சுக் குடுத்தனான்" என்றார்.

மீனும் குறைந்துகொண்டே வந்தது. பாறைப் பக்கம் முன்பு விளைமீனும் பாரையும் நின்ற இடமெல்லாம் சுண்ணாம்பு கொட்டினமாதிரி வெளுத்துக் கிடக்கிறது என்று முக்குளிக்கிறவர்கள் சொன்னார்கள். அபூதாஹிரின் வலையிலும் நாலு கூடை வந்த இடத்தில் ஒன்றரை வந்தது. வெடி போடாத அபூதாஹிரும் அந்தப் பலனைத்தான் தின்றார். ஒருவன் கேளாமல் விட்டால் ஒருவனோடு அது முடிவதில்லை என்பது வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் போதகரைக் கேட்டதில்லை. வாங்கிச் சாப்பிட்டவன் நான், கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குலசிங்கம் இருபது பருவம் அந்த மேட்டில் நின்றார். கடைசிக் காலங்களில் சின்னராசாதான் அவரைக் கைபிடித்து மேட்டில் ஏற்றிவிடுவான். எண்பதாம் ஆண்டு மார்கழிக் கடைசியில் நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்தது. டொக்டர் ஆஸ்பத்திரியில் நிற்கச் சொன்னார். நின்றார். மருந்து குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். ஆறாம் நாள் மத்தியானம், நல்லம்மா பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருக்க, அமைதியாகப் போய்விட்டார். ஐம்பத்தாறு வயது.

பிரேதத்தை வீட்டில் வைத்திருந்தபோது அபூதாஹிரும் கிண்ணியாவில் இருந்து பதினைந்து இருபது பேரும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அடக்கம் செய்யும் சேமக்காலை வரைக்கும் அவர்கள் பின்னால் நடந்து வந்து, வாசலுக்கு வெளியே தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பெட்டியின் முன்பக்கத்தைச் சின்னராசா தூக்கினான். போதகர் ஆனந்தராசா ஐயா அப்போது ஓய்வுபெற்று மட்டக்களப்பில் இருந்தார். கடிதம் மட்டும் வந்தது. புதிய போதகர் ஜெபம் செய்தார். கோயில் புத்தகத்தைப் பார்த்து, "நமது சகோதரன் யோசுவா" என்று அவர் சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்கடுத்த சோழகம் தொடங்கி முதல் வலை போட்ட அன்று மேட்டில் யார் நிற்பது என்று அபூதாஹிர் கேட்டார். சின்னராசா ஏறி நின்றான். அன்று ஒரு கூடை கீரிமீனும் கொஞ்சம் காரலும் வலையில் பட்டது. பின்னேரம் பாதையில் வந்த ஒருவர் கையில் நல்லம்மாவுக்கு ஒரு பங்கு வந்து சேர்ந்தது. அவர் அதில் பாதியை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.